சுமை நடைச் சவாலில் இறங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையிலோ முதுகிலோ எடையை எடுத்துக்கொண்டு, குறித்த தூரத்தை நடந்து முடிப்பதுதான் சுமை நடைச் சவால். சில இடங்களில் எட்டு வாரப் பயிற்சியாக வைக்கிறார்கள், சில இடங்களில் ஒரே காலையில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் மைதானத்துக்கு வருகிறவர்கள் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். கருவி அதிகம் வேண்டியதில்லை, கால், முதுகு, பிடி மூன்றும் ஒன்றாக வலுப்படும், வயதானவர்களும் செய்யலாம். அதனால் இந்தப் பயிற்சியை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் காயங்களையும் பார்த்திருக்கிறேன். அவை பெரும்பாலும் நடக்கும்போது வருவதில்லை. தூக்கும்போதும் இறக்கும்போதும் வருகின்றன, அல்லது பழகுவதற்குள் எடையைக் கூட்டியதால் வருகின்றன. ஆகவே கீழே உள்ள பதில்களில் அவற்றுக்குத்தான் அதிக இடம்.

சுமை நடையில் என்னென்ன வகைகள் உண்டு?

நான்கு வகை பழக்கத்தில் இருக்கின்றன. இரண்டு கையிலும் சம எடையைத் தொங்கவிட்டு நடப்பது முதல் வகை. ‘உலகின் பலசாலி’ போட்டிகளில் ‘விவசாயி நடை’ என்ற பெயரில் இடம்பெறுவது இதுதான். ஒரு கையில் மட்டும் எடையைப் பிடித்து நடப்பது இரண்டாவது. உடல் ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க, விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள தசைகள் கடுமையாக உழைக்கும். முதுகுப் பையில் எடை போட்டு நீண்ட தூரம் நடப்பது மூன்றாவது. இது படைவீரர்களின் பயிற்சியிலிருந்து வந்தது. மணல் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பது நான்காவது.

புதியவர்கள் முதுகுப் பையிலும் இரு கை நடையிலும் தொடங்கலாம். மூட்டையை அணைத்து நடப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது மார்பை அழுத்தி மூச்சைக் குறுக்கும், காலடியையும் மறைக்கும். தலைச்சுமை மட்டும் வேண்டவே வேண்டாம். சிறுவயதிலிருந்து சும்மாடு வைத்துப் பழகிய கழுத்து வேறு, நாற்பது வயதில் முதன்முறையாகச் சுமக்கும் கழுத்து வேறு.

எத்தனை கிலோவில் தொடங்குவது?

முதுகுப் பை என்றால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 70 கிலோ இருப்பவருக்கு 7 கிலோ, அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏழு. சமதளத்தில் 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் இரண்டு நாள். கையில் தூக்குவதென்றால் அதே 70 கிலோக்காரர் ஒவ்வொரு கையிலும் 7 முதல் 10 கிலோ வரை எடுத்துக்கொண்டு 20, 30 மீட்டர் நடந்து, ஒன்றரை நிமிடம் ஓய்வெடுத்து, இப்படி நான்கு முறை செய்தால் முதல் வாரத்துக்குப் போதும்.

உடல் பருமன் உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் இப்போதைய எடையை வைத்துப் போட வேண்டாம். கூடுதல் எடையை உங்கள் முழங்கால்கள் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கின்றன. உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 100ஐக் கழியுங்கள். 165 செ.மீ. உயரமும் 95 கிலோ எடையும் உள்ளவர் 65 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டு, ஆறரைக் கிலோவில் தொடங்கலாம்.

“இவ்வளவுதானா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். நார்வே ராணுவத்தின் புகழ்பெற்ற நடைத் தேர்வு 1915இல் தொடங்கியது. தூரம் 30 கிலோமீட்டர். முதுகில் இருக்க வேண்டிய எடை 11 கிலோ. பயிற்சி பெற்ற வீரர்களுக்கே அது சவாலாக இருக்கிறது. கைபேசியில் பார்க்கும் 40 கிலோ காட்சிகளை வைத்து உங்கள் முதல் வாரத்தை முடிவு செய்யாதீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் 20 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். சேரலாமா?

அப்படியே சேர வேண்டாம், விதியை மாற்றச் சொல்லுங்கள். 90 கிலோ உள்ள ஆணுக்கு 20 கிலோ என்பது அவர் எடையில் நூற்றுக்கு 22 பங்கு. 45 கிலோ உள்ள பெண்ணுக்கு அதுவே 44 பங்கு. இருவரும் ஒரே போட்டியில் இருப்பதாகச் சொல்வதே தவறு. உடல் எடையின் விழுக்காட்டை வைத்து நடத்தினால் கணக்கர் முதல் காவலாளி வரை எல்லோரும் சேரலாம். நேரத்துக்குப் பரிசு கொடுக்கவும் வேண்டாம். சுமையோடு ஓடத் தொடங்கினால் ஒவ்வொரு அடியிலும் மூட்டுகளில் விழும் தாக்கம் வெகுவாகக் கூடிவிடும். தூரத்தை முடித்தவர்களுக்கெல்லாம் ஒரே பாராட்டு என்று வையுங்கள்.

எப்படித் தூக்குவது, எப்படி இறக்குவது?

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை சுமக்கிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். மூட்டை முதுகில் வந்து உட்கார்ந்ததும் அனுபவசாலி உடனே அடி எடுத்து வைப்பதில்லை. ஒரு கணம் நிற்பார். முழங்காலை லேசாகத் தளர்த்தி, மூட்டையை ஒரு குலுக்குக் குலுக்கி, எடை நடுமுதுகில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்வார். அதன் பிறகுதான் நடை. திரும்ப வேண்டியிருந்தால் இடுப்பை முறுக்க மாட்டார். பாதங்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி உடம்பு முழுவதையும் திருப்புவார். இன்னொன்றையும் பாருங்கள்: பெரிய மூட்டையை அவர் தரையிலிருந்து தனியாக எடுப்பது அரிது. லாரியின் தட்டு உயரத்திலிருந்து வாங்கிக்கொள்வார், அல்லது இரண்டு பேர் பிடித்துத் தூக்கி முதுகில் ஏற்றிவிடுவார்கள்.

இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதுகுப் பையைத் திண்ணையிலோ மேசையிலோ வைத்து, பட்டைகளுக்குள் கையை நுழைத்துவிட்டு எழுந்திருங்கள். தரையிலிருந்து ஒரே வீச்சில் தோளுக்குச் சுழற்றுவதுதான் தோள்பட்டையையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ளச் செய்யும் வேலை. கையில் தூக்கும் எடை என்றால் இரண்டுக்கும் நடுவே நில்லுங்கள். இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துப் பிடியுங்கள். பாதத்தால் தரையை அழுத்தி எழுந்திருங்கள். எழுந்ததும் ஒரு மூச்சு விட்டு நிதானித்த பிறகு நடக்கலாம்.

இறக்குவதற்கும் இதே முறைதான், பின்னோக்கி. களைப்பில் இருக்கும் நேரம் என்பதால் பலர் இங்கேதான் முதுகை வளைத்துக் குனிந்துவிடுகிறார்கள். ஆகவே கை முழுவதும் சோர்வதற்கு முன்பே, இன்னும் பத்தடி நடக்கலாம் என்று தோன்றும்போதே இறக்கிவிடுங்கள். பிடி நழுவுகிறது என்றால் எட்டிப் பிடிக்க முயலாதீர்கள். பாதத்தை விலக்கிக்கொண்டு எடையை விழ விடுங்கள். செருப்பு போட்டுக்கொண்டு தூக்க வேண்டாம் என்று சொல்வது இதற்காகவும்தான்.

நடுவில் இறக்கி வைத்தால் தோற்றதாக ஆகிவிடாதா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைத்தான் நான் அதிகம் கவனித்துக்கொள்கிறேன்.

பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில இடங்களில் நிற்கின்றன. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைக்கப்பட்டவை அவற்றில் பல. சந்தைக்குச் சுமையோடு நடந்துபோனவர்கள் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ள வசதியான உயரத்தில் அவை இருக்கும். சுமப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்த காலத்தில், வழியில் இறக்குவதற்கென்று இடம் கட்டி வைத்திருந்தார்கள். உங்கள் சவாலை நடத்துபவரும் அதைச் செய்யலாம். அரை கிலோமீட்டருக்கு ஒன்றாக மேசையோ உயரமான பெஞ்சோ போட்டு, அங்கே இறக்கலாம் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். பிறகு யாரும் கூச்சப்பட்டுக்கொண்டு வலியோடு நடக்க மாட்டார்கள்.

எங்கள் அப்பாரு நெல் மூட்டை சுமந்தே தொண்ணூறு வயது வரை இருந்தார். எனக்கு மட்டும் எதற்கு இத்தனை விதி?

உங்கள் அப்பாரு பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து சிறுகச் சிறுகச் சுமந்து பழகியவர். அவருடைய எலும்பும் தசைநாரும் சுமையோடு சேர்ந்தே வளர்ந்தன. நாள் முழுவதும் நாற்காலியில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குகிறவரின் முதுகு அப்படிப்பட்டது அல்ல. அது மட்டுமல்ல, அவரோடு சுமந்தவர்களில் முழங்கால் தேய்ந்தும் இடுப்பு விழுந்தும் படுத்தவர்கள் எத்தனை பேர் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நிலைத்தவரின் கதைதான் நம்மிடம் வந்து சேர்கிறது. தொழிலாகச் சுமக்கிறவருக்கே 55 கிலோவுக்கு மேல் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது.

எடையை எப்போது, எவ்வளவு கூட்டலாம்?

எடை, தூரம், ஏற்றம் என்று மூன்று இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். நான் எட்டு வாரத்தை இப்படிப் பிரிப்பேன்: முதல் இரண்டு வாரம் பத்தில் ஒரு பங்கு எடையோடு அரை மணி நேரம். அடுத்த இரண்டு வாரம் அதே எடை, நேரம் மட்டும் 45 நிமிடம். ஐந்தாம் வாரம் எடையை நூற்றுக்கு 15 பங்காக்கி நேரத்தை மறுபடி அரை மணிக்குக் குறைத்து, ஆறாம் வாரம் 45 நிமிடத்துக்குக் கொண்டு வருவது. உடம்பு ஒத்துழைத்தால் ஏழாம் வாரம் நூற்றுக்கு 20 பங்கு. எட்டாம் வாரம் சவால் நாளுக்கு முன் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்து ஓய்வு.

இடையில் ஊருக்குப் போய்விட்டாலோ காய்ச்சல் வந்தாலோ விட்ட இடத்தில் தொடங்காதீர்கள், இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். தசை சீக்கிரம் வலுவாகிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக் கணக்கில் நேரம் வேண்டும். மூன்றாம் வாரத்தில் “இன்னும் தூக்க முடிகிறதே” என்று தோன்றுவது தசையின் பேச்சு. அதை நம்பிக் கூட்டியவர்களுக்குத்தான் கணுக்காலிலும் கணைக்கால் எலும்பிலும் வலி வருகிறது. அதாவது முழங்காலுக்குக் கீழே முன்புறம் இருக்கும் நீள எலும்பில்.

கெட்டில்பெல், டம்பெல் வாங்க வேண்டுமா? வீட்டில் இருப்பது போதாதா?

போதும். ஆற்று மணலோ எம்-சாண்டோ உலர்ந்த நிலையில் ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். கைப்பிடி உள்ள 5 லிட்டர் எண்ணெய்க் கேனில் நிரப்பினால் 8 கிலோ அளவுக்கு வரும். ஈரமான மணல் இன்னும் கனக்கும், ஆகவே நிரப்பிய பிறகு மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பைக்கு மணலைப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, துண்டால் சுற்றி வையுங்கள். உள்ளே எதுவும் ஆடக் கூடாது.

20 லிட்டர் தண்ணீர்க் கேன் 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கழுத்தைப் பிடித்துத் தூக்க வேண்டியிருப்பதால் பிடி சரியாக அமையாது. கடைகளில் கிடைக்கும் 26 கிலோ அரிசிச் சிப்பத்தை அணைத்து நடக்கலாம், ஆனால் அது பல வாரம் கழித்து. சமையல் எரிவாயு சிலிண்டரைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே 14.2 கிலோ எரிவாயு, சிலிண்டரின் எடையும் சேர்ந்து 30 கிலோவை நெருங்கும். கீழே போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

பை போட்டு நடந்தால் கை மரத்துப்போகிறது. ஏன்?

தோள்பட்டை வழியாகக் கைக்குப் போகும் நரம்புகளைப் பட்டை அழுத்துகிறது. படைவீரர்களிடம் நெடுநாளாக அறியப்பட்ட தொல்லை இது. உடனே இறக்குங்கள். பட்டை அகலமாகவும் பஞ்சு வைத்ததாகவும் இருக்க வேண்டும். எடை பையின் மேல் பாதியில், முதுகை ஒட்டி இருக்க வேண்டும். இடுப்புப் பட்டை உள்ள பை என்றால் அதை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்டுங்கள், தோளின் பாரம் வெகுவாகக் குறையும். இறக்கிய பிறகும் மரப்பு நீங்கவில்லை, கையை உயர்த்த முடியவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூச்சை அடக்கிக்கொண்டால்தானே பலம் வருகிறது?

தூக்கும் அந்த ஒரு நொடிக்கு அது உதவும். ஆனால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். நடக்கும்போது வயிற்றை லேசாக இறுக்கிக்கொண்டு சீராக மூச்சு விடுங்கள். பக்கத்தில் நடப்பவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

இதய நோய், ரத்த அழுத்தம், குடலிறக்கம், முதுகுத் தண்டு வட்டுப் பிரச்சினை, கண்ணின் விழித்திரைக் கோளாறு, எலும்பு மெலிவு ஆகியவை இருப்பவர்கள் எல்லோரும். நாற்பத்தைந்து வயதைக் கடந்து, பல ஆண்டுகளாக உடற்பயிற்சி இல்லாதவர்களும் கேட்டுவிட்டு வரட்டும். ரத்த அழுத்தம் 180/110 அளவில் இருந்தால் அது கட்டுக்குள் வரும்வரை தொடங்கவே வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடையின்போது சர்க்கரை இறங்கிவிடலாம். பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்தால் தெரியாது. நடந்து முடித்ததும் காலுறையைக் கழற்றி, உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு பெண்கள் எப்போது தொடங்கலாம்?

குறைந்தது மூன்று மாதமாவது போகட்டும். அறுவைச் சிகிச்சை என்றால் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு. அடிவயிற்றில் ஏதோ இறங்குவதுபோன்ற உணர்வு, தூக்கும்போது சிறுநீர் கசிவது ஆகியவை எடை அதிகம் என்பதற்கான அறிகுறி. நம் ஊரில் பெண்கள் இதை வெளியே சொல்வதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்கிறார்கள். இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியால் இது பெரும்பாலும் சரியாகும். இயன்முறை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

வெயில் காலத்தில் செய்யலாமா?

மார்ச் முதல் மே வரை மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கரூர் பரமத்தியும் ஈரோடும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் அடிக்கடி வருகின்றன. சுமையோடு நடக்கும் உடம்பு சும்மா நடப்பதைவிட அதிகச் சூட்டை உண்டாக்கும். முதுகை மூடிய பை வியர்வை ஆறுவதையும் தடுக்கும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் வரை ஆகும், அதுவரை எடையைக் கூட்ட வேண்டாம்.

ஆனியிலும் ஆடியிலும் தொல்லை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் வியர்வை உடனே காய்ந்துவிடும். எவ்வளவு நீர் போகிறது என்பதே தெரியாது. தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ நல்லது. பொள்ளாச்சி இளநீர் அருமையானது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகும் சோடியம் குறைவு. அதனால் உப்பிட்ட உணவும் கூட வேண்டும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்க வேண்டாம்.

கூட வருபவர் உளறத் தொடங்கினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், பையையும் இறுக்கமான உடையையும் நீக்கி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சாப்பாட்டில் என்ன மாற்றம்?

பெரிதாக ஒன்றுமில்லை. புரதம் மட்டும் கூட வேண்டும்: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 கிராமாவது. நாமக்கல் முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம், நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்கு உண்டு. கொள்ளுப் பருப்பு கடையும் வீட்டில் மாவு டப்பா வாங்க வேண்டியதில்லை.

சென்னிமலைப் படியில் பையோடு ஏறலாமா? வெள்ளியங்கிரிக்கு?

சென்னிமலையில் 1,320 படிகள். ஆறு வாரம் சமதளத்தில் நடந்தவர்கள் பத்தில் ஒரு பங்கு எடையோடு ஏறலாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கடினம். ஆகவே பையில் மணலுக்குப் பதில் தண்ணீர் பாட்டில்கள் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் மரத்துக்கு ஊற்றிவிட்டு, காலிப் பாட்டில்களோடு இறங்கலாம். பக்தர்கள் கூடும் நாட்களில் வேண்டாம். நீங்கள் தடுமாறினால் உங்களோடு நான்கு பேர் விழுவார்கள்.

வெள்ளியங்கிரியின் ஏழு மலையைச் சவாலுக்கான இடமாக எண்ணாதீர்கள். சுமை இல்லாமலே மூச்சு வாங்கும் மலை அது. இதய நோயும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே அறிவுறுத்துகிறது.

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடி எடுக்கிறேன். இந்தப் பயிற்சி உதவுமா?

நன்றாகவே உதவும். காவடியின் கம்பு தோளில் ஒரே இடத்தில் அழுத்தும். துண்டை மடித்து வைத்து, இரண்டு தோளுக்கும் மாற்றி மாற்றிப் பழகுங்கள். வெறுங்காலில் நடப்பதாக வேண்டுதல் என்றால் இரண்டு மாதம் முன்பிருந்தே மண் பாதையில் சிறிது சிறிதாக வெறுங்காலில் நடந்து பாதத்தைப் பழக்குங்கள். பங்குனி வெயிலில் தார்ச்சாலை சுடும், நடையை விடியற்காலைக்கும் மாலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடக்க வேண்டும். முதுகில் ஒளிரும் பட்டை அவசியம்.

பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

சுமை இல்லாமல் கூட நடக்கட்டும். பள்ளிப் பையே பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020இன் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது.

எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், எதில் நிறுத்த வேண்டும்?

மறுநாள் தொடையிலும் தோளிலும் பரவலாக வலித்து, இரண்டு மூன்று நாளில் குறைந்தால் அது பயிற்சியின் வலி. எலும்பில் விரலால் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்தால், அழுத்தினால் கூடினால், அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். நடையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே மின்சாரம்போல இறங்கும் வலியும், தொடையிடுக்கில் புதிதாகத் தோன்றும் வீக்கமும் அப்படித்தான்.

சிலவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை; காலிடையில் மரப்பு, சிறுநீர் மலம் அடக்க முடியாமை; தசைகள் வீங்கி வலிப்பதோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது. கடைசியில் சொன்னது தசை இழைகள் சிதைந்துவிட்டன, அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதன் அடையாளம். பழக்கமில்லாதவர்கள் ஒரே நாளில் வெறியோடு செய்யும்போது இது வருகிறது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சவால் முடிந்த பிறகு?

ஒரு வாரம் சுமையில்லாமல் நடந்தால் போதும். அதன் பிறகு வாரம் இரண்டு நாள், சவால் நாளில் எடுத்த எடையில் முக்கால் பங்கோடு தொடருங்கள். அடுத்த சவாலுக்குப் பெயர் கொடுப்பதாக இருந்தால் இடையில் இரண்டு மாதமாவது விட்டு, எடையையோ தூரத்தையோ ஒன்றை மட்டும் கூட்டித் தேர்ந்தெடுங்கள்.